அமெரிக்க வேலை விசாவுக்குப் பணம் கட்ட வேண்டியது யார்? கம்பெனியா, வாலிபரா?

அண்ணா மேம்பாலம் பக்கம் பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்தக் காட்சி புதிதல்ல. அமெரிக்க துணைத் தூதரகச் சுவர் ஓரம் காலையிலேயே வரிசை. கையில் பிளாஸ்டிக் உறை. உறைக்குள் பாஸ்போர்ட், சர்டிபிகேட், காகிதக் கட்டு. சட்டையை இஸ்திரி போட்டு, மனதுக்குள் இங்கிலீஷை ஒத்திகை பார்த்துக்கொண்டு வாலிபர்கள் நிற்பார்கள். சற்றுத் தள்ளி, பையைக் காவல் காத்துக்கொண்டு அப்பாவோ மாமனாரோ நிற்பார்.

"பையன் விசா கேட்கப் போயிருக்கான்" என்பார்கள் வீட்டில்.

வேலை விசா விஷயத்தில் இது பாதிதான் உண்மை. விசாவை முதலில் கேட்பது பையன் அல்ல. அமெரிக்காவில் இருக்கிற கம்பெனி. "இந்த ஆள் எனக்கு வேண்டும். இன்ன வேலை, இன்ன ஊர், இவ்வளவு சம்பளம்" என்று அந்தக் கம்பெனிதான் அந்த நாட்டு அரசாங்கத்துக்கு மனுப் போட வேண்டும். மனு பாஸான பிறகுதான் மேம்பாலத்து வரிசைக்கே வேலை. இதற்குப் பெயர்தான் ஸ்பான்சர் செய்வது.

இந்த விஷயம் தெரியாத வீடுகளில்தான் "ஸ்பான்சர் ரெடியா இருக்கு சார், பாதி அட்வான்ஸ், பாதி ஸ்டாம்பிங் ஆனதும்" என்கிற பேச்சு எடுபடுகிறது. நகை அடகுக்குப் போகிறது. பி.எப். பணம் கரைகிறது. சென்னையிலேயே "விசா பிள்ளையார்" என்று பெயர் வாங்கிய கோயில் உண்டு. அங்கே தேங்காய் உடைத்துவிட்டு வருகிறவர்களில் எத்தனை பேருக்கு, மனுவுக்கான பில் யார் தலையில் விழவேண்டும் என்று தெரியும்?

எச்-1பி என்றால் என்ன?

படித்த, தொழில் தெரிந்த வெளிநாட்டு ஆட்களை அமெரிக்கக் கம்பெனிகள் தற்காலிகமாக அழைத்துக்கொள்வதற்கான விசா இது. 1990-ல் வந்த குடியேற்றச் சட்டத்தில் இந்த வடிவம் பிறந்தது. கம்ப்யூட்டர் என்ஜினீயருக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். டாக்டர், கணக்கர், கட்டட என்ஜினீயர், கல்லூரி ஆசிரியர் எல்லோருக்கும் உண்டு. அந்த வேலைக்கு அந்தத் துறையில் பட்டப்படிப்பு அவசியம் என்று இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இங்கே ஒரு முள். அமெரிக்காவில் பட்டம் என்றால் நாலு வருஷம். நம் ஊர் பி.எஸ்ஸி., பி.காம். மூன்று வருஷம். குறைகிற ஒரு வருஷத்தை அனுபவத்தால் ஈடுகட்டலாம். மூன்று வருஷ அனுபவம் ஒரு வருஷப் படிப்புக்குச் சமம் என்பது கணக்கு. அதாவது, பி.எஸ்ஸி. முடித்து அதே துறையில் மூன்று வருஷம் உழைத்தவருக்கு வழி இருக்கிறது. "டிகிரியே வேண்டாம், நாங்கள் சர்டிபிகேட் தயார் பண்ணித் தருகிறோம்" என்று எவராவது சொன்னால், அது வேறு இடத்துக்கு வழி.

சுவரில் ஒட்டும் சம்பளம்

கம்பெனி முதலில் போவது தொழிலாளர் இலாகாவுக்கு. அங்கே ஒரு உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும். வெளிநாட்டு ஆளுக்கு மட்டமான சம்பளம் கொடுக்க மாட்டேன். அந்த வட்டாரத்தில் அந்த வேலைக்கு நடப்பில் உள்ள சம்பளமோ, என் ஆபீசில் அதே வேலைக்கு நான் கொடுக்கிற சம்பளமோ, இரண்டில் எது அதிகமோ அதைக் கொடுப்பேன். ஸ்டிரைக்கை உடைப்பதற்காக ஆள் கொண்டு வரவில்லை என்றெல்லாம் அதில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அதோடு விடுவதில்லை. வேலை நடக்கிற இடத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி இரண்டு இடங்களில் நோட்டீஸ் ஒட்ட வேண்டும். 10 நாள் இருக்க வேண்டும். என்ன வேலை, என்ன சம்பளம் என்று அதில் இருக்கும். நம் ஊரில் பக்கத்து சீட்டுக்காரர் சம்பளத்தைத் தெரிந்துகொள்ளப் படாதபாடு படுகிறோம். அங்கே சட்டமே சுவரில் ஒட்டச் சொல்கிறது!

பத்திரத்தின் நகல் ஒன்றை, வேலையில் சேருகிற நாளுக்குள் அந்த ஆளிடமும் கொடுத்தாக வேண்டும். கேட்டு வாங்காதவர்கள் நிறைய. பிற்பாடு தகராறு வந்தால் கைகொடுப்பது இந்தக் காகிதம்தான்.

தொழிலாளர் இலாகா ஏழு வேலை நாளில் பதில் சொல்லிவிடும். எப்படி இவ்வளவு சுருக்காக? உள்ளே புகுந்து ஆராய்வதில்லை. விட்டுப்போன இடம் இருக்கிறதா, பளிச்சென்று தெரிகிற தப்பு உண்டா என்று மட்டும் பார்க்கிறது. கம்பெனி சொன்னது நிஜமா பொய்யா என்கிற விசாரணை, பெரும்பாலும் புகார் வந்தால்தான். எத்தர்கள் நுழைகிற சந்து இதுதான்.

குலுக்கல் சீட்டு

அடுத்தது குடியேற்ற இலாகா. வருஷத்துக்கு 65,000 பேர் என்று சட்டம் கோடு போட்டிருக்கிறது. அமெரிக்கக் கல்லூரியில் மேல்பட்டம் வாங்கியவர்களுக்குத் தனியாக 20,000. அந்த 65,000-த்திலும் 6,800 இடம் சிலி, சிங்கப்பூர் இரண்டு நாட்டுக்கும் ஒதுக்கீடு. 2001 முதல் 2003 வரை 1,95,000 ஆக இருந்த இடம், 2004-ல் பழையபடி 65,000-க்கு வந்துவிட்டது.

கேட்கிறவர்களோ லட்சக்கணக்கில். அதனால் குலுக்கல். மார்ச் மாதம் கம்பெனிகள் ஆள் பெயரைப் பதிவு செய்யும். பெயர் விழுந்தால் ஏப்ரல் முதல் மனுப் போடலாம். அக்டோபர் 1-ந் தேதி வேலையில் சேரலாம். பல்கலைக்கழகங்களுக்கும் அவற்றோடு சேர்ந்த ஆராய்ச்சிக் கூடங்களுக்கும் குலுக்கல் கிடையாது. வருஷம் பூரா மனுப் போடலாம். இது தெரிந்த வாலிபர்கள் சிலர் கம்பெனியை விட்டுக் கல்லூரி வாசலைத் தட்டுகிறார்கள்.

2025 மார்ச்சில் நடந்த பதிவில் செல்லுபடியான பெயர்கள் 3,43,981. எடுக்கப்பட்டவை 1,20,141. இடம் 85,000தானே, ஏன் அதிகம் எடுத்தார்கள் என்று கேட்கலாம். பெயர் விழுந்த எல்லோருக்கும் கம்பெனி மனுப் போடுவதில்லை. சினிமா தியேட்டரில் டிக்கெட் ரிசர்வ் செய்துவிட்டு வராமல் போகிறவர்கள் மாதிரி. அதற்காகச் சேர்த்து எடுக்கிறார்கள்.

ஒரே ஆள், பல சீட்டு!

இந்தக் குலுக்கலிலும் கைவரிசை காட்டினார்கள். 2023 மார்ச்சில் பதிவுக் கட்டணம் வெறும் 10 டாலர். செல்லுபடியான பதிவுகள் 7,58,994 என்று வந்து நின்றது. அதிகாரிகள் புரட்டிப் பார்த்தார்கள். அதில் 4,08,891 பதிவுகள், ஒன்றுக்கு மேற்பட்ட கம்பெனிகள் பதிவு செய்த ஆட்களின் பேரில் இருந்தவை. ஒரே ஆளுக்கு உண்மையிலேயே இரண்டு கம்பெனி வேலை கொடுத்தால் தப்பில்லை. கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்து, இல்லாத வேலைக்கு ஒரே பெயரைப் பல பெட்டியில் போட்டால் அது மோசடி.

மறு வருஷமே ஓட்டையை அடைத்தார்கள். 2024 மார்ச் முதல் எத்தனை கம்பெனி பதிவு செய்தாலும் பாஸ்போர்ட்டை வைத்து ஆளுக்கு ஒரு சீட்டுதான். செல்லுபடியான பதிவுகள் 4,70,342 ஆக இறங்கின. 2025 மார்ச்சில் கட்டணத்தையும் 10 டாலரிலிருந்து 215 டாலராக ஏற்றினார்கள். கூட்டம் இன்னும் குறைந்தது. 2026 மார்ச் பதிவுக்கு மறுபடி விதி மாறியது. சம்பளப் படி நாலு உண்டு. உச்சப் படியில் இருப்பவருக்கு நாலு சீட்டு, கீழ்ப்படியில் இருப்பவருக்கு ஒரே சீட்டு என்று வைத்தார்கள். புதிதாகப் படித்து முடித்த பையன்களுக்கு இது பலமான அடி.

கலிபோர்னியாவில் சாண்டா கிளாரா என்ற ஊரில் ஆள் சப்ளை செய்யும் கம்பெனி ஒன்று பிடிபட்ட கதையும் இதே ரகம்தான். "இன்ன கம்பெனியில் வேலை காத்திருக்கிறது" என்று மனுப் போட்டார்கள். அங்கே வேலையே கிடையாது. பெயரைப் போட்டுக்கொள்ள அந்தக் கம்பெனிகளுக்குக் காசும் கொடுத்திருக்கிறார்கள். எதற்கு? விசாவோடு ஆளைக் கையிருப்பாக வைத்துக்கொண்டால், வேலை வந்த நிமிஷமே தள்ளிவிடலாம், போட்டிக்காரனை முந்தலாம். கடையில் மூட்டை அடுக்கி வைப்பது போல! 2019-ல் வழக்குப் போடப்பட்டது. 2024 நவம்பரில் அதன் முதலாளி கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

பில் யார் பேரில்?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். குரோம்பேட்டை வாலிபர் ஒருவரை 26 பேருக்கு மேல் வேலை செய்கிற ஒரு அமெரிக்கக் கம்பெனி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி கட்ட வேண்டிய பில் இது:

பதிவுக்கு 215 டாலர். மனுவுக்கு 780. அகதிகள் திட்டத்துக்கு என்று 600. அமெரிக்கத் தொழிலாளர்களின் பயிற்சிக்காக 1,500. மோசடித் தடுப்புக்கு 500. மொத்தம் 3,595 டாலர். நம் பணத்தில் மூன்று லட்சத்துக்கு மேல். இவற்றில் முதல் மூன்றும் 2024, 2025-ல் அமலுக்கு வந்த கட்டணங்கள். சின்னக் கம்பெனிக்குச் சில கட்டணம் பாதி. ஐம்பது பேருக்கு மேல் ஆள் வைத்து, அதில் பாதிக்கு மேல் வெளிநாட்டு விசாக்காரர்களாக இருக்கிற கம்பெனிக்கு இன்னும் 4,000 டாலர் தனி. சீக்கிரம் பதில் வேண்டும் என்றால் அதற்கு வேறு கட்டணம். வக்கீல் பீஸ் இதில் சேர்த்தி இல்லை.

இதில் ஒரு டாலரையாவது குரோம்பேட்டை வாலிபரிடம் வாங்கலாமா?

பயிற்சிக் கட்டணமான 1,500-ஐ வாங்கவே கூடாது. சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஆளே மனமுவந்து கொடுத்தாலும் கூடாது. மனுச் செலவும் கம்பெனி வக்கீல் பீஸும் கம்பெனியின் வியாபாரச் செலவு. அவற்றைச் சம்பளத்தில் பிடித்து, பத்திரத்தில் எழுதிக் கொடுத்த சம்பளத்துக்குக் கீழே இறக்கினால் குற்றம். பிடிபட்டால் பணத்தைத் திருப்பித் தரவேண்டும். அபராதம் உண்டு. மனுப் போடவே சில காலம் தடையும் வரும்.

வாலிபரின் செலவு எது? தூதரகத்தில் கட்டும் விசா கட்டணம் வேறு கணக்கு. அது 2023 ஜூனில் 205 டாலராக ஏற்றப்பட்டது. பல கம்பெனிகள் அதையும் கட்டிவிடுகின்றன. மனைவி, பிள்ளைகளின் விசா செலவு அநேகமாக அவருடையது.

"பாண்டு" விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். "இரண்டு வருஷத்துக்குள் விட்டுப் போனால் இவ்வளவு கட்டு" என்று கையெழுத்து வாங்குகிற வழக்கம் உண்டு. சீக்கிரம் விட்டதற்குத் தண்டனையாக அபராதம் போடுவதை எச்-1பி சட்டம் தடுக்கிறது. கம்பெனிக்கு உண்மையில் வந்த நஷ்டத்தை ஒட்டி முன்கூட்டியே பேசி வைத்த தொகை என்றால் அந்த மாநிலச் சட்டப்படி செல்லலாம். இரண்டுக்கும் நடுவே கோடு மெல்லியது. வக்கீல்கள் பிழைப்பு அந்தக் கோட்டின் மேல்தான் நடக்கிறது.

பெஞ்சில் உட்கார வைத்தால்

விமானம் ஏறியாயிற்று. அங்கே போய் இறங்கினால், "கிளையண்ட் இன்னும் கிடைக்கவில்லை, கொஞ்ச நாள் ரூமில் இரு" என்கிறார்கள். ஒரே ரூமில் நாலைந்து பேர். சமையல் முறை போட்டு. சம்பளம் இல்லை. இந்தக் கதையைக் கேட்காத கம்ப்யூட்டர் குடும்பம் நகரத்தில் குறைவு.

சட்டம் என்ன சொல்கிறது? அமெரிக்காவுக்குள் நுழைந்து 30 நாளுக்குள் சம்பளக் கணக்கு ஓட ஆரம்பித்துவிட வேண்டும். வேலை இல்லை என்பது கம்பெனியின் பாடு. வேலை கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பத்திரத்தில் எழுதிய சம்பளம் வந்தாக வேண்டும். ஆளே சொந்தக் காரணத்துக்காக லீவு கேட்டால் மட்டும் விலக்கு. சம்பளம் தராத கம்பெனி மேல் தொழிலாளர் இலாகாவில் டபிள்யூ.எச்.-4 என்ற படிவத்தில் புகார் கொடுக்கலாம். 12 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். புகார் கொடுத்தவரைப் பழிவாங்கக் கூடாது என்றும் சட்டம் இருக்கிறது.

ஆனாலும் புகார் கொடுக்கப் பயப்படுகிறார்கள். காரணம் புரிகிறது. விசா கம்பெனியோடு கட்டிப்போட்டது. கம்பெனி கை விட்டால் அதிகம் போனால் 60 நாள். அதற்குள் வேறு கம்பெனி மனுப் போட வேண்டும். அல்லது மூட்டை கட்ட வேண்டும். இந்த 60 நாள் சலுகையே 2017 ஜனவரியில்தான் விதியாக வந்தது. வேறு கம்பெனி முறையாக மனுப் போட்டுவிட்டால் பாஸாகும் வரை காத்திருக்க வேண்டாம், போட்ட நாளே வேலையைத் தொடங்கலாம். கெடு முடிவதற்குள் கம்பெனியே வேலையை விட்டு நீக்கினால், ஊர் திரும்பும் பயணச் செலவை அந்தக் கம்பெனி கொடுக்க வேண்டும். இதையும் கேட்டு வாங்குகிறவர்கள் சொற்பம்.

மூன்று வருஷம், பிறகு மூன்று வருஷம், மொத்தம் ஆறு. பச்சை அட்டைக்குக் கம்பெனி மனுப் போட்டு அது குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டினால் மேலும் நீட்டலாம். அந்த மனுவின் முதல் கட்டச் செலவு முழுதும், வக்கீல் பீஸ் உள்பட, கம்பெனியுடையது. 2007 முதல் அப்படி விதி. ஆனால் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்கிற உச்சவரம்பால் இந்தியர்களின் வரிசை நகரவே மாட்டேன் என்கிறது. 2013-ல் பதிந்தவர்களுக்கே 2025 கடைசியில்தான் முறை வந்துகொண்டிருந்தது. பத்து எச்-1பியில் ஏழு இந்தியர் கைக்குப் போகிறது என்றால் வரிசை நீளாமல் என்ன செய்யும்?

88 லட்சம்!

2025 செப்டம்பர் 19-ந் தேதி ஜனாதிபதி டிரம்ப் ஒரு கையெழுத்துப் போட்டார். வெளிநாட்டில் இருக்கிற ஆளுக்குப் புதிதாக எச்-1பி மனுப் போட்டால் கம்பெனி ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும்! அன்றைய மதிப்பில் சுமார் 88 லட்சம் ரூபாய். 12 மாதத்துக்கு என்று போட்ட உத்தரவு. அங்கேயே படித்து முடித்து அங்கேயே விசா மாறுகிறவர்களுக்கு இது பொருந்தாது என்று அக்டோபரில் விளக்கம் வந்தது. அமெரிக்க வர்த்தக சபை கோர்ட்டுக்குப் போனது. டிசம்பர் 23-ல் வாஷிங்டன் நீதிபதி அரசாங்கத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னார். அப்பீல் போனது.

அதே டிசம்பரில் இன்னொரு இடி. எச்-1பிகாரர்களின் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் கணக்குகளையும் பார்க்கப் போகிறோம் என்று 15-ந் தேதி முதல் ஆரம்பித்தார்கள். இந்தியாவில் குறித்திருந்த நேர்காணல்கள் மாதக்கணக்கில் தள்ளிப் போயின. கல்யாணம், காதுகுத்து என்று லீவில் வந்தவர்கள் இங்கேயே மாட்டிக்கொண்டார்கள். பெண்டாட்டி பிள்ளை அங்கே, ஆள் இங்கே.

நம்பரைக் கேளுங்கள்

இத்தனை குழப்பத்துக்கு நடுவில்தான் "எல்லாம் நாங்கள் பார்த்துக்கறோம்" என்கிற ஆசாமிகளுக்குக் கொண்டாட்டம். அவர்கள் காட்டும் காகிதம் அச்சு அசலாக இருக்கும். அமெரிக்க முத்திரை கூட இருக்கும்.

குடியேற்ற இலாகாவிடம் போன ஒவ்வொரு மனுவுக்கும் ரசீது நம்பர் ஒன்று உண்டு. மூன்று எழுத்து, பத்து எண். இலாகாவின் இணையதளத்தில் அந்த நம்பரைப் போட்டால் மனு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று நிமிஷத்தில் தெரிந்துவிடும். காசு கிடையாது. எந்தக் கம்பெனி எத்தனை எச்-1பி வாங்கியது, எந்த வேலைக்கு என்ன சம்பளம் எழுதிக் கொடுத்தது என்கிற விவரத்தையும் அங்குள்ள அரசாங்க இலாகாக்கள் பகிரங்கமாகவே வெளியிடுகின்றன. நம்பரைக் கேட்டதும் "அது ரகசியம், வெளியே சொல்லக் கூடாது" என்று மழுப்பினால் அங்கேயே எழுந்துவிடலாம்.

"டூரிஸ்ட் விசாவில் போய் வேலையில் உட்கார்ந்துவிடு, பிறகு மாற்றிக்கலாம்" என்பது இன்னொரு வலை. வியாபாரப் பயணத்துக்கான பி-1 விசாவில் ஆளை அனுப்பி வேலை வாங்கியதாக இன்போசிஸ் கம்பெனி மேலேயே வழக்கு வந்தது. கம்பெனி குற்றச்சாட்டை மறுத்தது. ஆனாலும் 2013 அக்டோபரில் 3 கோடியே 40 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. அத்தனை பெரிய கம்பெனியாலேயே தப்ப முடியவில்லை. தனி ஆள் மாட்டினால் அடுத்த விமானம், பிறகு பாஸ்போர்ட்டில் தீராத கறை.

இங்கே ஆள் பிடிக்கிற ஏஜெண்டுகளுக்கும் சட்டம் இருக்கிறது. 1983-ல் வந்த குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசில் பதிவு செய்தவர்தான் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கலாம். அவருக்கும் 30,000 ரூபாயும் வரியும்தான் அதிகபட்சக் கூலி என்று அந்தச் சட்டத்தின் கீழ் விதித்தார்கள். லட்சக்கணக்கில் கேட்பவர் எந்தக் கணக்கில் கேட்கிறார் என்று கேட்க வேண்டியதுதான்.

பணத்தைக் கொடுத்து ஏமாந்தவர்கள் போக வேண்டிய இடம், வேப்பேரி கமிஷனர் ஆபீசில் உள்ள மத்திய குற்றப் பிரிவு. வேலை வாங்கித் தருவதாகச் செய்யும் மோசடிக்கென்றே அங்கே தனிப் பிரிவு இருக்கிறது. போகும்போது பேங்க் ரசீது, ஒப்பந்தம், வாட்ஸ்அப் பேச்சு, காட்டிய காகிதத்தின் நகல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். ரசீது வாங்காமல் ரொக்கமாகக் கொடுத்தவர்கள் பாடுதான் திண்டாட்டம்.